ஊசியின் எடையும் வாங்குபவரின் உரிமையும்

வீட்டில் இசைத்தட்டு கேட்பதற்காக டர்ன்டேபிள் ஒன்றை வாங்குவது, புளூடூத் ஒலிபெருக்கி வாங்குவதைப் போன்றதன்று. ஒலிபெருக்கியில் பழுது நேர்ந்தால் அது அந்தக் கருவியோடு நின்றுவிடும். தவறாக அமைந்த டர்ன்டேபிளோ, தன்மேல் வைக்கப்படும் ஒவ்வொரு தட்டையும் ஓடும்தோறும் தேய்த்துவிடும். சென்னையில் பதிவாகி, கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகி வந்த தமிழ்த் திரையிசைத் தட்டுகளில் பெரும்பாலானவை மறுபடி அச்சிடப்படவே இல்லை. கெட்ட கருவிக்கு மாற்றுக் கருவி கிடைக்கும், கெட்ட தட்டுக்கு மாற்று கிடைப்பது அரிது என்பதால், வாங்குபவரின் பாதுகாப்பு பணம் செலுத்துவதற்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கிறது.

தேய்மானம் எங்கே நிகழ்கிறது என்பதை அறிந்தால் எதைக் கேட்டு வாங்குவது என்பது தெளிவாகும். இசைத்தட்டின் மேற்பரப்பில் சுருளாகச் செல்லும் நுண்ணிய பள்ளமே தடம் எனப்படுகிறது; அதன் இரு சுவர்களிலும் ஒலியின் அசைவுகள் செதுக்கப்பட்டிருக்க, ஸ்டைலஸ் எனப்படும் ஊசிமுனை அவற்றைத் தொட்டுச் செல்லும்போது பெறும் அதிர்வை, அது பொருத்தப்பட்டுள்ள கார்ட்ரிட்ஜ் மின்குறியாக மாற்றுகிறது. ஊசி தடத்தை அழுத்தும் அளவு கிராமில் குறிக்கப்படுகிறது. நகரும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை 1.5 முதல் 2 கிராம் வரையிலான அழுத்தத்தில் இயங்குபவை. மலிவான பெட்டி வகைக் கருவிகளில் காணப்படும் செராமிக் கார்ட்ரிட்ஜ்களோ 5 கிராம் அளவிலும் அதற்கு மேலும் அழுத்துகின்றன. எண்ணில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய முனையில் குவிவதால், தடத்தின் சுவர்மீது மிகப் பெரும் அழுத்தமாகிறது. செராமிக் ஊசி இறுக்கமானது என்பதால் தடத்தின் மேல்கீழ் அசைவுகளுக்கு எளிதில் இடம்கொடுப்பதில்லை என்பதும், ஸ்டீரியோ தட்டுகளில் அந்த அசைவும் முக்கியம் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை. இதைக் கேட்டு அஞ்சி அழுத்தத்தை வேண்டிய அளவுக்கும் கீழே குறைப்பதும் தவறே. போதிய பிடிப்பில்லாத ஊசி சுவருக்குச் சுவர் மோதித் தடத்தைச் சிதைக்கும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவை அப்படியே வைப்பதுதான் காப்பு.

‘மூன்று வேகம்’ என்ற விளம்பரமும் கவனித்து வாசிக்கப்பட வேண்டியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளின் தடம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 3 மில், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரமுள்ள ஊசி தேவை. நெடுந்தட்டுக்கான ஊசி 1 மில் அல்லது அதற்கும் குறைவு. எனவே கருவி 78 வேகத்தில் சுழல்வதாலேயே பாட்டன் காலத்து நாடகப் பாடல் தட்டுகளை அதில் இடலாம் என்று பொருளாகிவிடாது. உரிய ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

இக்கேள்விகளைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், தகுதி, விலை ஆகியவை குறித்து அறியும் உரிமையை நுகர்வோர் உரிமைகளுள் ஒன்றாக வகுத்திருக்கிறது. ஊசி அழுத்தம் எத்தனை கிராம், அதைச் சரிசெய்ய டோன் ஆர்ம் எனப்படும் ஊசிக்கையின் பின்முனையில் எதிர்எடை உண்டா, கார்ட்ரிட்ஜின் பெயர் என்ன, மாற்று ஊசி எங்கே கிடைக்கும் ஆகிய நான்கையும் எழுத்தில், மின்னஞ்சலிலாவது, பெற்றுக்கொள்வது நல்லது. அதே சட்டத்தின் ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்ற இயல், சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிகாட்டுதலோ எச்சரிக்கையோ இல்லாத பொருளுக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. அப்பொருளால் பிற உடைமைகளுக்கு நேரும் சேதமும் அதில் அடங்கும். தேய்ந்துபோன தட்டுகளுக்கு இழப்பீடு கோரும் வழி இவ்வாறு ஏட்டளவில் திறந்தே இருக்கிறது. ஆயினும் தட்டு முன்பே தேய்ந்திருந்ததா, இக்கருவியால்தான் தேய்ந்ததா என்று மெய்ப்பிப்பது கடினம் என்பதால், இவ்வழியை நம்பி அசட்டையாக வாங்கிவிடக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து தனியாகத் தருவிக்கப்படும் கருவிகளிலும் பழைய கருவிகளிலும் மின்சாரமே முதல் இடர். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு உரியவை. இந்திய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்குமே அன்றி, மாறுமின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை முழு அலைச் சுழற்சிகளை முடிக்கிறது என்பதைக் குறிக்கும் ஹெர்ட்ஸை மாற்றாது. அந்த ஹெர்ட்ஸையே பின்பற்றிச் சுழலும் மோட்டார் உள்ள பழைய கருவி, மின்மாற்றியோடு பொருத்தப்பட்டாலும் 33⅓ சுழற்சிக்குப் பதிலாக 28-க்கும் சற்றுக் குறைவாகவே சுழலும். பாடகரின் குரல் கனத்து இழுபடும். 50 ஹெர்ட்ஸுக்கு உரிய மோட்டார் கப்பி கிடைத்தால்தான் அது சீராகும். வால்வு காலத்துக் கருவிகள் சிலவற்றில் உட்புற உலோகச் சட்டமே மின்னோட்டத்தோடு நேரடியாக இணைந்திருக்கும். அவற்றைத் தேர்ந்த மின்னணுப் பழுதுநீக்குநர் திறந்து பார்க்கும் முன் மின்சாரத்தில் இணைப்பது உயிருக்கே ஆபத்து. பொட்டலமாக விற்கப்படும் இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டியின் விலை குறைவாக இருப்பதன் காரணம், பெரும்பாலும் உத்தரவாதத்துக்கு இந்தியாவில் பொறுப்பேற்பவர் எவரும் இல்லை என்பதே.

தரம் உயர்த்துவதில் பலரும் தவறான முனையிலிருந்து தொடங்குகின்றனர். புதிய கருவி வாங்கும் முன் இருப்பதைச் சரியாக அமைப்பதே முதல் உயர்வு: தட்டு சுழலும் பரப்பு நீர்மட்டம் வைத்துச் சமன்செய்யப்பட வேண்டும், ஊசி அழுத்தம் அதற்கென்றே கிடைக்கும் சிறு தராசில் அளக்கப்பட வேண்டும், கார்ட்ரிட்ஜின் கோணம் அளவுத்தாள் கொண்டு நேர்செய்யப்பட வேண்டும். அடுத்தது ஊசி. வைர ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம் வரை என்று மதிக்கப்படுகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்பவர் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதன் நிலையைச் சோதிக்க வேண்டியவர். உருண்டை முனைக்குப் பதிலாக நீள்வட்ட முனையுள்ள ஊசியை இட்டாலே, குறிப்பாகத் தட்டின் உள்சுற்றுப் பாடல்களில், கரகரப்பு குறைவதைக் கேட்கலாம். மூன்றாவதாக வருவது ஃபோனோ ப்ரீஆம்ப். தட்டில் பதிக்கும்போது கீழ்ஒலிகள் குறைக்கப்பட்டு மேல்ஒலிகள் உயர்த்தப்படுகின்றன. அதைத் திருப்பிச் சமன்செய்து, சில மில்லிவோல்ட்டே உள்ள குறியைப் பெருக்குவது இச்சிறு பெட்டியின் வேலை. இம்மூன்றும் முடிந்த பின்னும் குறை தென்பட்டால் மட்டுமே கருவியை மாற்றுவது பொருளுள்ள செலவு.

மாற்றங்களைச் செய்யும்போது சட்டத்தின் மறுபக்கத்தையும் நினைவிற்கொள்வது அவசியம். பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர் தம் பொறுப்பை மறுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஊசியையோ கார்ட்ரிட்ஜையோ மாற்றுவதைப் பல உற்பத்தியாளர்கள் அனுமதிக்கின்றனர். அடிப்பெட்டியைத் திறந்து கம்பிகளை மாற்றுவது வேறு. உத்தரவாதக் காலம் முடியும்வரை கழற்றிய உறுப்புகளைப் பாதுகாத்து வைப்பதும், ஊசி பொதுவாக உத்தரவாதத்தில் அடங்காது என்பதை முன்பே அறிந்திருப்பதும் பின்னாளைய வழக்காடலைத் தவிர்க்கும்.

இணையவழியில் வாங்கிய கருவி உடைந்தோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ வந்தால், திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமையில்லை என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. விற்பனையாளரின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுப்பதும், உள்ளிருக்கும் அட்டைத் தாங்கிகளை எறியாமல் வைப்பதும் இங்கே சான்றாகும். அதற்கும் தீராதபோது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பின்னர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், காரணம் எழுந்த இரண்டாண்டுக்குள், வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பொருளுக்குக் கட்டணம் இல்லை. உணவகத்தில் ஒலிக்கச் செய்ய வாங்கியது போன்ற வணிக நோக்கத்துக்கும், கடை நடத்தாத தனிநபரிடம் ஒருமுறை வாங்கிய பழைய கருவிக்கும் இவ்வழி பெரும்பாலும் பயன்படாது. பிந்தையதில், கருவியின் நிலையை விற்பவர் கையாலேயே எழுதி வாங்கிய சீட்டு ஒன்றே துணை.

அரிய தட்டைக் காக்க இன்னொரு வழி, ஊசி நன்றாக இருக்கும்போதே அதன் ஒலியைக் கணினியில் பதிந்துகொண்டு அன்றாடம் அதையே கேட்பது. சொந்தப் பயன்பாட்டுக்கான நேர்மையான கையாளுகையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிவிலக்காக ஏற்கிறது. அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றுவது அவ்விலக்கில் அடங்காது. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் நீடிப்பதால், 1980-இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு 2040-ஆம் ஆண்டின் இறுதிவரை உரிமையாளருக்கே உரியது.