கடலுக்கும் ஓர் இலை வண்ண அட்டை

சம்பா நடவு முடிந்த மூன்றாம் வாரத்தில் மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரங்களில் சில விவசாயிகள் இலை வண்ண அட்டையும் கையுமாக வயலில் இறங்குவதைக் காணலாம். நெல் இலையை அட்டையிலுள்ள பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டு, பயிருக்குத் தழைச்சத்து போதுமா, மேலுரம் இட வேண்டுமா என்று தீர்மானிக்கிறார்கள். இதே முறையில் கடலின் பச்சையையும் அளந்து கணக்கிட்டு வருகின்றனர் விஞ்ஞானிகள். அதற்கான அட்டை, தரையிலிருந்து சுமார் 720 கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோளில் பறக்கிறது.

கடலில் பச்சை ஏது என்று கேட்கலாம். வயலில் தேங்கிய நீரில் படரும் பாசியை அறியாத விவசாயி இல்லை. அதைப் போன்ற, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பாசிகள் கடலின் மேல்மட்ட நீரில் கோடானுகோடி மிதக்கின்றன. இவற்றை மிதவைப் பாசிகள் எனலாம். நெல்லைப் போலவே இவையும் பச்சையத்தைக் கொண்டு சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன. உலகில் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் சேர்க்கும் கரியில் ஏறத்தாழப் பாதி இந்தப் பாசிகளின் உழைப்பே. பாசியை நுண்ணிய கடற்பூச்சிகள் தின்கின்றன. அவற்றை மத்தியும் நெத்தியும் தின்கின்றன. இவற்றைப் பெரிய மீன்கள் தின்கின்றன. பாசி குறைந்தால் வலையில் மீன் குறையும்.

சுத்தமான கடல் நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீல ஒளியைச் சிதறடிக்கிறது. ஆழ்கடல் நீலமாகத் தெரிவது இதனால்தான். பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும். எனவே பாசி பெருகும் இடத்தில் நீலம் குறைந்து பச்சை மேலோங்குகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், ஒரு கனமீட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் பச்சையம் உள்ளது என்று கணக்கிட்டுவிடலாம். சொல்வதற்கு எளிது. ஆனால் செயற்கைக்கோளை வந்தடையும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கடலிலிருந்து வருவது. மீதியெல்லாம் காற்று மண்டலத்தில் சிதறிய ஒளி. பதரைத் தூற்றி நெல்லை எடுப்பது போல இதைப் பிரித்தெடுக்க வேண்டும். கடல் நிறத்தை அளக்கும் முதல் கருவி 1978-ல் அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் சென்றது.

இத்துறையில் உலகம் அறிந்த பெயர்களுள் ஒன்று, கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் சுபா சத்தியேந்திரநாத் அம்மையாருடையது. பாரிஸில் டாக்டர் பட்டம் பெற்று, கனடாவிலும் பின்னர் இங்கிலாந்திலுள்ள பிளிமத் கடல் ஆய்வகத்திலும் பணியாற்றியவர். அவருடைய தொடக்க கால ஆராய்ச்சி நம் டெல்டாக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். ஆற்று முகத்துவாரங்களில் கடல் நீரின் நிறத்தைப் பாசி மட்டும் தீர்மானிப்பதில்லை. வெள்ளம் கொண்டு வரும் வண்டலும், மட்கிய இலைதழையின் மஞ்சள் சாறும் சேர்ந்து நிறத்தைக் குழப்பிவிடும். ஆடிப்பெருக்கில் காவிரி செம்மண் கலங்கி வரும்போது அதில் பாசி எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியுமா? பாசி, வண்டல், மஞ்சள் சாறு ஆகிய மூன்றும் ஒளியை வெவ்வேறு விதமாக மாற்றுகின்றன என்பதைப் பிரித்தறியும் வழிகளை வகுத்ததில் அம்மையாரின் 1981, 1989-ம் ஆண்டு ஆய்வுகளுக்கு முக்கியப் பங்குண்டு.

பச்சையை அளந்தால் மட்டும் மகசூல் தெரிந்துவிடாது என்பதும் விவசாயிகள் அறிந்ததே. டிரெவர் பிளாட் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1988-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, பச்சையத்தோடு வெயிலையும் பாசியின் தன்மையையும் சேர்த்துக் கடலின் விளைச்சலைக் கணக்கிடும் முறையைக் கூறியது. மண் வளத்தைப் பார்த்து நிலத்தை வட்டாரங்களாகப் பிரிப்பது போலக் கடலையும் வட்டாரங்களாகப் பிரித்துச் செய்த கணக்கு 1995-ல் வெளியாயிற்று. உலகக் கடல்களின் பாசிகள் ஆண்டுக்கு 4,500 முதல் 5,000 கோடி டன் வரை கரியைச் சேர்க்கின்றன என்றது அது.

நம் வங்கக் கடல் இதில் சற்றே பின்தங்கியது. கங்கை முதலிய பெருநதிகள் கொட்டும் நன்னீர் மேலே மூடிபோல நிற்பதால் அடிநீரின் சத்து மேலே வருவதில்லை. அடிமண்ணில் சத்து இருந்தும் உழாமல் கிடக்கும் நிலத்துக்கு இதை ஒப்பிடலாம்.

இந்தியா 1999 மே 26-ல் ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளைச் செலுத்தியது. அடுத்தது 2009-லும், மூன்றாவது 2022 நவம்பரிலும் சென்றன. இத்தகைய செயற்கைக்கோள்கள் தரும் கடல் நிறத்தையும் நீரின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடும் இடங்களை ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அறிவித்து வருகிறது. எந்தத் துறையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்ற விவரம் தமிழிலும் கிடைக்கிறது. தேடி அலையும் டீசல் செலவு இதனால் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை உள்ள நாட்களில் இந்த அறிவிப்பு கிடையாது.

மேகம் மூடினால் கடலின் நிறம் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் இது பெரிய இடைஞ்சல். நெல் பரப்பை அளக்க மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துவது இதனால்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து உருவாக்கிய இந்த அளவீடு, 2016-17 வறட்சியின்போது பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்கும் உதவியது.

கடலின் பச்சைக்கும் வயலில் இடும் யூரியாவுக்கும் உள்ள தொடர்பை மெக்சிகோ நாட்டு ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டிற்று. சொனோரா மாநிலத்தின் யாக்கி பள்ளத்தாக்கு கோதுமைக்குப் பேர்போனது. 1960-களில் நம் நாட்டுக்கு வந்த சொனோரா-64 ரகத்தின் பெயரே அதற்குச் சாட்சி. அங்கு உரமிட்டு நீர் பாய்ச்சிய சில நாட்களுக்குள், வடிநீர் சேரும் கலிபோர்னியா வளைகுடாவில் பாசி திடீரெனப் பெருகுவதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டு, 2005-ல் வெளியிட்டார்கள். விவசாயி காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து கடலில் பாசியாக விளைந்திருக்கிறது! பாசி அளவோடு வளர்ந்தால் மீனுக்கு நல்லது. மிஞ்சினால் அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகும்.

திருவாரூர் மாவட்டத்து வடிநீரில் ஒரு பகுதி பாமணியாறு, கோரையாறு முதலியவற்றின் வழியே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலில் சேர்ந்து, பிறகு பாக் நீரிணைக்குச் செல்கிறது. அந்தக் காயலை நம்பி மீன், இறால் பிடிக்கும் குடும்பங்கள் பல. நீர் தேங்கிய நெல் வயலில் இடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான். மீதி ஆவியாகக் காற்றிலும், கசிந்து அடிமண்ணிலும், வழிந்து வாய்க்காலிலும் போய்விடுகிறது.

வழிந்தோடும் பங்கைக் குறைக்க, முதலில் சொன்ன இலை வண்ண அட்டையே போதும். நட்ட 14-ம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துப் பயிர்களில் நன்கு விரிந்த மேல் இலையை உடம்பு நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அளவு 3. மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலைகளாவது அதற்குக் கீழே வெளுத்திருந்தால் மட்டும் சம்பா, தாளடிக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியாவும், குறுவைக்கு 30 கிலோவும் இடலாம். நீரை வடித்துச் சேறும் சகதியுமாக இருக்கும்போது இட்டு, மறுநாள் நீர் கட்டி, வடிகால் மடையை அடைத்து வைப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்யும் என்று வானொலியில் சொன்னால், உர மூட்டையை இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருக்கலாம்.