ஊசியும் மாத்திரையும் ஒரு பிடி சோறும்



தம்பி மகளின் பிரசவத்துக்குத் துணையாக இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதமாகிறது. நான் புறப்படுவதற்கு முந்தைய வாரம் அவள் தொலைபேசியில் ஒரு பட்டியல் சொன்னாள். ராகி மாவு, கருப்பட்டி, சுக்கு, முருங்கைக்கீரைப் பொடி. கடைசியாக, "அத்தை, அந்த மூணு நாள் மாத்திரை நாலு அட்டை வாங்கிட்டு வாங்க. இங்க டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேங்கறாங்க. பெரியவனுக்கு மாசத்துக்கு ஒரு சளி" என்றாள்.

மூன்று நாள் மாத்திரை என்றால் அசித்ரோமைசின். ராகி மாவு வந்து சேர்ந்தது, மாத்திரை வரவில்லை. ஏன் என்று கேட்டவளுக்கு நான் சொன்ன பதில் நீண்டுபோயிற்று. அதைக் கேட்டிருந்த பக்கத்து வீட்டு அன்பர் மலருக்கு எழுதித் தரும்படி வற்புறுத்தினார். நான் எழுத்துப் பழக்கம் உள்ளவள் அல்ல. பெங்களூரில் முப்பத்து நான்கு வருடம் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீப்பில் ஒரு லைன் வீடு.

தங்கவயலைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாள் முதல், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்த ஊர் அது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். வீட்டுக்குப் பின்னால் சயனைடு மண்மேடு. காற்றடித்தால் சோற்றுத் தட்டில் பொடி விழும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் விடியற்காலை மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

என் அப்பா நிலத்தடி வேலைக்காரர். 1971-ல் அவருக்கு இருமல் வந்தது. தங்கவயலில் இருமலுக்கு யாரும் அதிசயப்படுவதில்லை. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தச் சிலிகோசிஸ் இருந்தது தெரிய வந்தது. நுரையீரலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கி அழிக்கின்ற காவல் அணுக்கள், அந்தத் தூளை விழுங்கிச் செத்துப்போகின்றன. காவல் இல்லாத வீட்டில் காசநோய் எளிதாகக் குடியேறுகிறது. அப்பாவுக்கும் அதுதான் நடந்தது.

அன்றைக்கு வைத்தியம் ஒன்றரை வருடம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, ஐசோனியாசிட் மாத்திரை, அதோடு பாஸ் என்ற பெரிய பெரிய மாத்திரைகள், ஒரு கை நிறைய. அந்தப் பாஸ் வயிற்றைப் புரட்டும். காலை ஷிப்டுக்குப் போகிறவர் அரைவயிற்றுக் கூழோடு அதை விழுங்கிவிட்டுக் கேஜில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் நாங்கள் ஐந்து குழந்தைகள், ஆயா ஒருவர். அம்மா அப்போது ஆறாவது முறையாக மாசமாக இருந்தார். அப்பாவுக்கென்று ஒரு முட்டை அவிப்பார் அம்மா. அப்பா அதைப் பாதியாக்கி என் தட்டிலும் அக்கா தட்டிலும் வைப்பார். எல்லோரும் எழுந்த பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவது அம்மாவின் முறை.

ஊசியை மட்டும் அப்பா ஒரு நாளும் விட்டதில்லை. ஊசிதான் மருந்து, மாத்திரை சும்மா என்பது லைன் முழுக்க இருந்த நம்பிக்கை. (இன்றும் இருக்கிறது, "ஒரு ஊசி போட்டு விடுங்க சிஸ்டர்" என்று நான் கேட்காத நாள் கிடையாது.) நான்கு மாதத்தில் இருமல் நின்றது, எடை கூடியது. எட்டாவது மாதம் இருமல் திரும்பியது. பிறகு ஊசி கேட்கவே இல்லை. 1974-ல் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, வேட்டித் துணியில் முடிந்து முடிந்து வைத்த மாத்திரைகள் இருந்தன. அம்மா அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை ஏமாற்றிவிட்டார் என்று அழுதார். நர்சிங் படிப்பில் இந்தப் பாடம் வந்த அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

காசநோயாளியின் நுரையீரலில் குழிவிழுந்த ஓர் இடத்தில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவை பெருகும்போது இயற்கையாகவே சிலவற்றின் அமைப்பில் சிறு மாற்றங்கள் நேர்கின்றன. பத்து லட்சம் கிருமிகளில் ஏதோ ஒன்று, ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டிராமலேயே, அதைத் தாங்கும் தன்மையோடு பிறக்கிறது. பத்துக் கோடியில் அப்படிப்பட்டவை சுமார் நூறு. ஊசியை மட்டும் போட்டால் மற்றவை எல்லாம் மடிகின்றன, நோயாளி தேறுகிறார். அந்த நூறு மட்டும் போட்டியில்லாத வயலில் களைபோல மண்டுகின்றன. இரண்டாவது மருந்தும் கூடவே போனால் கணக்கு மாறிவிடுகிறது. இரண்டையும் ஒருங்கே தாங்கும் கிருமி லட்சம் கோடியில் ஒன்று. பத்துக் கோடியில் அது இருக்கவே வாய்ப்பில்லை எனலாம். ஆகவே அந்த மாத்திரைகள்தான் ஊசிக்குக் காவல். அப்பா காவலைப் பெட்டியில் பூட்டிவிட்டு, ஊசியைத் தனியே சண்டைக்கு அனுப்பிவிட்டார்.

இது அவர் ஒருவருக்கு நேர்ந்ததும் அல்ல. பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்து 1948-ல் வெளியிட்ட முதல் பெரும் ஆய்விலும் இதே கதைதான். முதல் ஆறு மாதத்தில் சாவு வெகுவாகக் குறைந்தது; ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது ஊசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு மிஞ்சவில்லை. அந்த ஆய்வுக்குப் பிறகுதான் கூட்டு மருந்து வந்தது.

இந்த இடத்தில் நம் சென்னையைச் சொல்லாமல் விடக்கூடாது. 1956-ல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசிய நிலையமாக இயங்குவது அதுவே. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, பால், முட்டை, மலைக்காற்று என்று உலகமே நம்பியிருந்த காலம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் குடிசையிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு ஓய்வும் இல்லை, நல்ல சாப்பாடும் இல்லை. ஆயினும் முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றியதிலும் வேறுபாடு இல்லை. 1959-ல் இது வெளியானதும் உலகமெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. ஆயா அப்பாவின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைத்தது வீண் வேலை. காசம் காற்றில் பரவுகிறது, தட்டில் அல்ல. தொற்றவேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு, சாப்பாடு முக்கியமில்லை என்று சில பெரியவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்திக்கொண்டிருந்தது. மருந்தை ஒழுங்காக விழுங்கியவர்களைத்தான் அந்த ஆய்வு பார்த்தது. வீடு தேடிப் போய்ச் சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று கண்காணித்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்க முடியாமல் முடிந்து வைத்தவரின் கணக்கு வேறு. இன்னொரு கேள்வியும் உண்டு. அதே வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் நோய் வராமல் தடுக்க உணவால் முடியுமா?

இதற்கு விடை வர 2023 ஆகிவிட்டது. ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் உண்டு. பாதி வீடுகளில் மட்டும் குடும்பத்தாருக்கும் மாதம் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. வேறு மந்திரம் எதுவும் இல்லை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றரைக் கிலோ பருப்பு என்பது பண்டிகைக் கணக்கு.

அப்பாவின் நோய்க்காலத்தில் பிறந்த தம்பிக்கு இரண்டு வயதில் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்றார்கள். அந்தச் சொல் தெரியாத தமிழ்க் குடும்பம் அக்காலத்தில் குறைவு. அவன் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தான். அவன் மகள்தான் எனக்குப் பட்டியல் சொன்னவள்.

சரி, காசநோய்க்கும் பேரனின் சளிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் வழி ஒன்றுதான் என்பதே சம்பந்தம். குழந்தைகளின் சளியும் பெரும்பாலான பேதியும் வைரசால் வருபவை. அசித்ரோமைசின் பாக்டீரியாவைக் கொல்லும். வைரசை அது தொடாது. ஆறேழு நாளில் தானாக நிற்கும் சளி, மூன்றாம் நாள் கொடுத்த மாத்திரையால் நின்றதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்கிடையில் குடலில் குடியிருக்கும் கோடானுகோடி நல்ல பாக்டீரியாக்கள் அடிபடுகின்றன. மருந்தைத் தாங்குபவை பெருகுகின்றன. அந்தத் தன்மையை அவை பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றித் தரவல்லவை.

வேலூர் சி.எம்.சி. தங்கவயல்காரர்களுக்கு இரண்டாவது தாய்வீடு. அங்குள்ளவர்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வில், வேலூர் உட்பட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் பிறந்த குழந்தைகளை இரண்டு வயது வரை வாரந்தோறும் கவனித்தார்கள். சராசரியாக ஒரு குழந்தை வருடத்துக்கு ஐந்து முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தது. பேதிக்கு வேண்டியது பெரும்பாலும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் பச்சிளம் குழந்தைகளும் உண்டு. பிள்ளை பிறக்கும்போது அதன் முதல் கிருமிகள் தாயிடமிருந்தே வருகின்றன. வீட்டில் அடங்காத கிருமி இருந்தால் சீதனம்போல அதுவும் வரும். நிறைமாதமாக இருக்கும் வீட்டுக்கு நான் எப்படி அந்த அட்டைகளைக் கொண்டுவருவேன்?

இந்தியாவில் 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அட்டையின் முதுகில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்குரிய மருந்து. உங்கள் பெட்டியிலும் அலமாரியிலும் இருப்பவற்றைத் திருப்பிப் பாருங்கள். மீதமானதை அடுத்த பிள்ளைக்கு என்று வைக்காமல் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் சளியைத்தான் சொன்னேன். மூச்சு இழுக்கிறது, பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அவர் எழுதினால் அவர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை கொடுங்கள். சில நோய்களுக்கு இப்போது ஐந்து நாளே போதும் என்கிறார்கள், காசத்துக்கு மாதக்கணக்கு. அதை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மாத்திரை வேண்டும் என்று கேட்ட இதே பெண், தனக்கு எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடாமல் சமையலறை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். மலச்சிக்கலாம். டிரங்குப் பெட்டி நினைவு வந்து எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அவளுக்கு லூசி வில்ஸ் கதையைச் சொன்னேன். 1928-ல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த பெண் டாக்டர். மில் தொழிலாளிப் பெண்கள் மாசமாக இருக்கையில் ரத்தம் வற்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மையார் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்து வேலை செய்தார். இங்கே கடையில் கறுப்பாகப் பாட்டிலில் விற்கிறதே மார்மைட், ரொட்டியில் தடவுவது, அதைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் பிற்பாடு போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று மாசமானவளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு அதுவும் இருக்கிறது. ஆயினும் 2019-21 குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52 சதவீதம், ரத்தசோகை உள்ளவர்கள்.

காபி, டீ குடித்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடு. எலுமிச்சைச் சாறு கூடக் குடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். வயிறு கட்டினால் டாக்டரிடம் வேறு மாத்திரை கேள், டப்பாவில் போடாதே என்றேன். ராகி நல்லதுதான். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. அரிசி அதன் கிட்டே வராது. ஆனால் ராகியில் இரும்பு வெகு குறைவாகவே உடம்பில் சேரும். அதை நம்பி மாத்திரையை விடமுடியாது.

பெரியவனின் சளி போன செவ்வாய் தொடங்கி ஞாயிறன்று போய்விட்டது. இடையில் இரண்டு ராத்திரி அவள் தூங்கவில்லை, என்னோடும் சரியாகப் பேசவில்லை. பரவாயில்லை. இரும்பு மாத்திரையை இப்போது என் எதிரில்தான் விழுங்குகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். முட்டை வெந்திருக்கும், போய்ப் பார்க்கவேண்டும். பேரன் பாதி கேட்பான், அவனுக்கும் தனியாக ஒன்று போட்டிருக்கிறேன்.