ஏழு முறை வாக்களித்த மடம்

அடைபட்ட கன்னியர் மடமொன்றின் மதிலோரமாக நடந்து செல்லும் நம்மவர்கள், உள்ளே வாழ்வோர் உலகக் கவலைகளுக்கு அப்பாற்பட்டவர்கள் என எண்ணிக்கொள்வதுண்டு. பங்குக்குப் புதிய குருவானவர் வரும்போது எழும் முணுமுணுப்பும், பங்குச் சபைத் தெரிவின்போது தலைகாட்டும் பக்கச்சார்பும் இரும்புக் கிராதிக்கு அப்பால் நுழையமாட்டா என்பது நமது நம்பிக்கை. மடங்களின் வரலாறு வேறுவிதமாகப் பேசுகின்றது. பங்கில் மனத்தாங்கல் ஏற்பட்டால் அடுத்த ஊர் ஆலயத்துக்குத் திருப்பலிக்குப் போய்விடலாம். அடைபட்ட மடத்தில் அதற்கு வழியில்லை. இன்று நமக்கு எதிராக வாக்களித்த சகோதரியே நாளையும் அடுத்த ஆண்டும் அதே உணவு மேசையில் அமர்ந்திருப்பார்.

கர்மேல் சபையின் ஒழுங்குப்படி மடத்தலைவி மூன்று ஆண்டுகளுக்கே தெரிவு செய்யப்படுகிறார். இரகசிய வாக்கெடுப்பினால், ஆயரோ அவருடைய பதிலாளோ முன்னிலை வகிக்க அத்தெரிவு நடைபெறும். பதவிக்காலம் முடிந்ததும் நேற்றுவரை மற்றவர்கள் முழந்தாளிட்டு அனுமதி கேட்ட அன்னை, தாமே இன்னொருவர்முன் முழந்தாளிடும் சாதாரண சகோதரியாகிறார். ஓய்வூதியமுமில்லை, ஒதுங்கிப் போவதற்கு வேறு வீடுமில்லை. அவிலாவின் புனித தெரேசா தமது மடங்களைச் சிறிய குடும்பங்களாக வைத்திருக்க விரும்பி, உறுப்பினர் தொகையை இருபத்தொன்றாக மட்டுப்படுத்தியவர். குடும்பம் சிறியதென்றால் அன்பு நெருக்கமாகும்; உரசலும் நெருக்கமாகவே இருக்கும்.

பிரான்ஸ் நாட்டின் லிசியே நகர்க் கர்மேல் மடத்தில் 1896ஆம் ஆண்டு நிகழ்ந்த தலைவி தெரிவு இதற்குத் தக்க சான்றாகும். நாம் சிறுமலர் என அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா வாழ்ந்த மடம் அது. பிரபுத்துவ குடும்பத்தில் பிறந்த மரி த கொன்சாக் அன்னை, 1886 முதல் 1893 வரை தலைவியாகப் பணியாற்றினார். அதற்கு முன்னரும் அப்பொறுப்பை வகித்தவர். ஆளுமையும் ஆற்றலும் நிறைந்தவர். மனநிலை அடிக்கடி மாறுபவர் என்றும் அவரைப்பற்றிக் கூறுவர். 1893 பெப்ரவரி 20ஆம் நாள் அவருக்குப் பின் தெரிவானவர் முப்பத்தொரு வயதுடைய இயேசுவின் ஆக்னேஸ் அன்னை. இவர் தெரேசாவின் உடன்பிறந்த அக்கா; தாயை இழந்த சிறுமிக்கு இரண்டாம் தாயாக இருந்தவர்.

புதிய தலைவி பழைய தலைவியை நவகன்னியரின் பயிற்சித் தலைவியாக நியமித்தார். தெரேசாவை அவருக்கு உதவும்படி கேட்டுக்கொண்டார். பெயருக்கேனும் ஒரு பதவி வழங்கப்படவில்லை. இரு பெரியவர்களுக்கு இடையே நின்று, எவரையும் புண்படுத்தாமல் பணிபுரிய வேண்டிய நிலை இருபது வயதுத் தெரேசாவுக்கு வாய்த்தது. இதைவிடக் கடினமான பணி ஒரு மடத்தில் இருக்குமென நான் நினைக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1896 மார்ச் 21, பாடுகளின் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை, வாக்குரிமையுள்ள சகோதரிகள் பேரவை அறையில் கூடினர். தெரேசா அங்கே இல்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவருக்கு மேற்பட்டோர் பேரவையில் வாக்குரிமை பெறலாகாது என்பது ஒழுங்கு. அக்காமார் மரியும் ஆக்னேஸும் ஏற்கெனவே அதில் இருந்தமையால் தெரேசா தம் வாழ்நாள் முழுவதும் நவகன்னியரோடேயே இருந்தார், ஒருமுறையேனும் வாக்களித்ததில்லை. முதல் வாக்கெடுப்பில் முடிவு கிட்டவில்லை, இரண்டாவதிலும் இல்லை. ஏழாவது தடவையிலேயே முடிவு பிறந்தது. மரி த கொன்சாக் அன்னை மீண்டும் தலைவியானார்.

ஏழு தடவை என்பதன் பொருளை மடத்தவர் எல்லோரும் அறிந்திருந்தனர். அறுபது வயதைக் கடந்த அந்த அன்னையும் அறிந்திருந்தார். அவ்வளவு காலம் தாம் வழிநடத்திய பிள்ளைகளுள் கணிசமானோர் தம்மை விரும்பவில்லை என்ற உண்மை அவரை ஆழமாகக் காயப்படுத்தியது. வென்றவரும் அழலாம் என்பதைத் தெரிவுகளைக் கண்டவர்கள் அறிவர்.

அக்கா தோற்றுப்போனார். தங்கை என்ன செய்தார்? தெரிவு நடந்து இரு வாரங்கள் ஆகுமுன், பெரிய வியாழன் இரவு, ஏப்ரல் 2க்கும் 3க்கும் இடையில், தெரேசாவின் வாயிலிருந்து முதன்முறையாக இரத்தம் வந்தது. காசநோயின் அறிகுறி அது. பெரிய வெள்ளி காலையில் அவர் அதைப் புதிய தலைவியிடமே சென்று கூறினார். அன்றைய நோன்பையும் முழுமையாகக் கடைப்பிடிக்க அனுமதி கேட்டுப் பெற்றார். சொந்த அக்காவுக்கோ அச்செய்தி 1897 மே 30ஆம் நாள்தான் தெரியவந்தது. ஓராண்டுக்கும் மேலான அம்மௌனத்தால் அக்கா பட்ட வேதனையை நாம் ஊகிக்கலாம். எனினும் தலைவி யார் என்பதில் தெரேசாவுக்குக் குழப்பம் இருக்கவில்லை. வாக்குச் சீட்டுகளை எண்ணி முடித்தபின் அவருக்குத் தலைவி ஒருவரே.

1896 ஜூன் 29ஆம் நாள் அவர் மரி த கொன்சாக் அன்னைக்கு உவமைக் கதை வடிவில் ஒரு மடல் வரைந்தார். அதில் தம்மை ஓர் ஆட்டுக்குட்டியாகவும் அன்னையை இடைச்சியாகவும் உருவகித்து, வேதனை மனிதரிடமிருந்து வந்ததாக எண்ணாது நல்லாயனின் கையிலிருந்து பெற்றுக்கொள்ளும்படி ஆறுதல் கூறினார். வாக்குரிமையற்ற இளம் சகோதரி, தம் அக்காவை வென்ற அறுபது வயதுத் தலைவியின் காயத்துக்கு மருந்திட்டார். நம் நாட்டில் தேர்தல் முடிந்த மறுநாள் வீதிகளில் நடப்பவற்றை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இம்மடல் புதுமையாகவே தோன்றும்.

மரி த கொன்சாக் அன்னையைக் கொடியவராகச் சித்திரிக்கும் நூல்கள் உண்டு. எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. நவகன்னியரின் பயிற்சிப் பொறுப்பை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டபோதும், நடைமுறையில் தெரேசாவிடமே அதை நம்பி ஒப்படைத்தார். 1897 ஜூன் 2ஆம் நாள் இரவு ஆக்னேஸ் அன்னை தயங்கித் தயங்கி அவரிடம் சென்று, தெரேசா தம் துறவு வாழ்வின் நினைவுகளை எழுத அனுமதி வேண்டினார். தோல்வியுற்ற முன்னாள் தலைவியின் இந்த வேண்டுகோளை அவர் நிராகரித்திருக்கலாம். நிராகரிக்கவில்லை, மறுநாளே அனுமதி கிடைத்தது. இன்று உலகமே வாசிக்கும் அந்நூலின் இறுதிப் பகுதிகளுள் ஒன்று இவ்வாறே பிறந்தது. அது மரி த கொன்சாக் அன்னையை விளித்தே எழுதப்பட்டது. 1897 செப்டெம்பர் 30இல் தெரேசா மறைந்தார். சரியாக ஓராண்டின்பின் நூல் வெளிவந்தபோது, ஆக்னேஸுக்கென எழுதப்பட்ட பகுதிகளும் தமக்கே எழுதப்பட்டனவாகத் தோன்றவேண்டுமென அன்னை நிபந்தனை விதித்தார். மனிதபலவீனம்தான். ஆக்னேஸ் அதற்கும் இணங்கினார். மூலப்படிகள் 1956இல் வெளியிடப்பட்டபோது வாசகர்கள் எது யாருக்கு எழுதப்பட்டதெனத் தெளிவாகக் கண்டனர்.

இன்றைய மடங்களின் சோதனை வேறு. தெரிவு செய்ய ஆள் போதாமை பல நாடுகளில் காணப்படுகின்றது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் தியான வாழ்வுக் கன்னியருக்கென அளித்த திருச்சட்டத்தைத் தொடர்ந்து, 2018இல் திருப்பீடம் வெளியிட்ட நடைமுறை ஒழுங்குகளின்படி, நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தோர் ஐவராகக் குறைந்தால் அம்மடம் தன் தலைவியைத் தெரிவுசெய்யும் உரிமையை இழக்கிறது. ஏழு முறை வாக்களிக்கும் அளவுக்கு உறுப்பினர் இருந்ததும் ஒரு கொடையே என இன்று சில மடங்கள் ஏக்கத்தோடு எண்ணக்கூடும்.

லிசியேயில் 1902ஆம் ஆண்டு மறுபடி தலைமை மாறியது. ஆக்னேஸ் அன்னை மீண்டும் தெரிவானார். மரி த கொன்சாக் அன்னை சாதாரண சகோதரியாக அவருக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்தார். நாவில் உண்டான புற்றுநோயால் துன்புற்ற அவர், 1904 டிசெம்பர் 17ஆம் நாள், தாம் ஏழாவது வாக்கெடுப்பில் வென்ற அதே பெண்ணின் தலைமையின்கீழ், அதே மடத்தில் கண்மூடினார்.