காத்தோங் வீதிகளில் சிற்ப தரிசனம்

ஸ்தபதிகளின் கைத்திறனைக் காணத் தஞ்சைக்கும், அதனினும் தூரம் போய் அங்கோர்வாட்டுக்கும் யாத்திரை செய்யும் நம்மவர், சிங்கப்பூரில் இறங்கியதும் தேக்கா கடைத்தெருவோடு திருப்தியடைந்து, கிழக்கே காத்தோங் பக்கம் எட்டிப்பாராமலே திரும்பிவிடுவது விசனத்துக்குரியது. 1960களில் கடலைத் தூர்க்கத் தொடங்கும்வரை அலையோரத்து வாசஸ்தலமாக விளங்கிய இப்பகுதியில், கூன் செங் ரோட்டு வரிசை வீடுகளின் முன் சற்று நின்று பார்க்க வேண்டும். சீன வம்சமும் மலாய்ப் பழக்கமும் கலந்த பெரனாக்கான் குடும்பங்களின் ரசனைக்கேற்ப எழுந்த இவ்வீடுகளில், சுவரில் பதித்த பூவோடுகளும், சுதையில் வடித்த பறவைகளும், ஐரோப்பியத் தூண்களும், இளநீலமும் ரோஜா நிறமுமான பூச்சும் ஒன்றோடொன்று சண்டையிடாமல் இசைந்திருப்பது ஆச்சரியமே. (படம் பிடிப்போர் அவற்றில் மனிதர் குடியிருப்பதை மறவாதிருந்தால் நலம்.) ஜூ சியாட் ரோட்டுக் கடைவீடுகளின் முன்னே ஓடும் ‘அஞ்சடி’ என்னும் கூரையிட்ட நடைபாதையோ, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வழிப்போக்கனுக்கென்று 1822இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் சந்ததி.

அங்கிருந்து சிலோன் ரோட்டுக்கு நடந்தால், செண்பக மரத்தடியில் விக்ரகம் கண்டெடுக்கப்பட்டதாக ஐதீகம் வழங்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்தைக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர் பேணி வளர்த்த இவ்வாலயம், 2003இல் கும்பாபிஷேகம் கண்ட இன்றைய அமைப்பில் சோழர் பாணியைத் தழுவியது. இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பாமல், உள்ளே கருங்கல் தூண்கள் நான்கில், தூணுக்கு எட்டாகச் செதுக்கிய விநாயகரின் 32 ரூபங்களையும் நிதானமாகப் பார்ப்பதே உத்தமம்.