ஆன் செய்தாலும் திரும்பத் திரும்ப ஆஃப் ஆகும் விண்டோஸ் டிஃபெண்டர்... காரணம் என்ன? கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் பார்க்க வேண்டியவை!

கம்ப்யூட்டரின் பாதுகாப்பு அம்சம் ஒருமுறை அணைந்த பிறகு மீண்டும் ஆன் ஆகாமல் அடம்பிடிக்கிறதா? அதை அணைத்தது யார் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையில் கேடயம் போல ஒரு சின்னம் இருக்கும். அதில் பச்சை டிக் இருந்தால் பிரச்சினை இல்லை. சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி வந்துவிட்டால், ஏதோ ஒரு பாதுகாப்பு அணைந்து கிடக்கிறது என்று அர்த்தம். உள்ளே போய் ஆன் செய்தால், சில விநாடிகளில் மறுபடியும் ஆஃப். சிலருக்கு அந்த பட்டனே மங்கிப்போய், தொட முடியாதபடி இருக்கும்.

நகரத்தில் இருப்பவர்கள் பக்கத்துத் தெரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டை மாதிரியான ஊரில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. ஏற்காடு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் போய்த் திரும்பினால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். அதனாலேயே 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால், காப்பி, மிளகு விற்ற கணக்கு இருப்பதும், நெட் பேங்கிங் நடப்பதும், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் போவதும் அதே லேப்டாப்பில்தான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தானாகவே ஆன் ஆக வேண்டியது ஏன் ஆகலை?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. ஒரு ஃபைலைத் திறக்கும்போதே அதைச் சோதித்துப் பார்க்கும் அம்சத்துக்குப் பெயர் ரியல்-டைம் புரொடெக்‌ஷன்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நீங்களே அதை ஆஃப் செய்தாலும், அது தற்காலிகம்தான். கொஞ்ச நேரத்தில் விண்டோஸே மறுபடி ஆன் செய்துவிடும். அப்படித்தான் மைக்ரோசாஃப்ட் அதை வடிவமைத்திருக்கிறது.

அப்படியென்றால், நாள்கணக்கில் ஆஃப் ஆகவே இருக்கிறது என்றால் வேறு ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. அது என்னவாக இருக்கலாம்?

காரணம் 1: இன்னொரு ஆன்டிவைரஸ்

சென்னையைச் சேர்ந்த கே7, புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல் என வேறு ஆன்டிவைரஸ் இருந்தால், டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இது கோளாறு இல்லை.

லேப்டாப் வாங்கும்போது இலவசமாகக் கிடைத்த ஆன்டிவைரஸின் காலம் முடிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. அதுவும் வேலை செய்யாது, அதன் மிச்சங்கள் இருப்பதால் டிஃபெண்டரும் சரியாக எழுந்து வராது.

எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸ் பகுதியில் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்பதைத் தட்டுங்கள். எந்த ஆன்டிவைரஸ் பொறுப்பில் இருக்கிறது என்று அங்கே தெரியும். காலாவதியானது என்றால் அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், அதே நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் ரிமூவல் டூலைப் பயன்படுத்த வேண்டும்.

அந்தப் பட்டியலில் நீங்கள் கேள்விப்படாத, இன்ஸ்டால் செய்யாத ஒரு பெயர் இருக்கிறதா? உஷார். 2025-ல் வெளியான 'டிஃபெண்ட்நாட்' என்ற கருவி, இல்லாத ஒரு ஆன்டிவைரஸை இருப்பதாக விண்டோஸை நம்பவைத்தே டிஃபெண்டரை அணைக்க முடியும் என்று காட்டியது.

காரணம் 2: 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கட்டுப்பாடு

'இந்த செட்டிங் உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டரால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறதா? அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் கவலை வேண்டாம். அங்குள்ள ஐடி பிரிவிடம் கேட்டால் போதும்.

சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்பில் அந்த வரி வந்தால்? அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் நீங்கள்தான். உங்களுக்குத் தெரியாமல் யாரோ விதி எழுதியிருக்கிறார்கள். இந்த விதிகள் ரெஜிஸ்ட்ரியில் 'பாலிசீஸ்' என்ற பகுதியில் பதிவாகும். பழக்கமில்லாதவர்கள் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டாம். மெக்கானிக்கிடம் போனில் பேசும்போது, 'பாலிசீஸ் பகுதியில் டிஃபெண்டரை நிறுத்தும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்' என்று சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும்.

காரணம் 3: கிராக் சாஃப்ட்வேர்

காசு கொடுக்காமல் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், கேம் என எதையாவது 'கிராக்' செய்து போட்டிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்' என்பதுதான் அவற்றின் முதல் நிபந்தனை. வீட்டுக்கு வந்த விருந்தாளி நாயைக் கட்டிப்போடச் சொன்னால் சரி. கதவையே கழற்றி வைக்கச் சொன்னால்?

பாஸ்வேர்டு திருடும் 'லும்மா' என்ற மால்வேர் கிராக் சாஃப்ட்வேர் வழியாகவும் பரவியது. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான 2 மாதங்களில் மட்டும் உலகம் முழுவதும் 3.94 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு, கார்டு விவரம் எல்லாம் இதன் குறி.

பணம் கேட்டு மிரட்டும் கும்பல்களும் இதே வழியில்தான் போகின்றன. 'அகிரா' கும்பல், கம்ப்யூட்டரின் வேகத்தைச் சீரமைக்கும் ஒரு நல்ல மென்பொருளின் டிரைவரையே ஆயுதமாக்கி டிஃபெண்டரை முடக்கியது 2025-ல் தெரியவந்தது. உள்ளே வரும் திருடன் முதலில் அணைப்பது காவலைத்தான்.

காரணம் 4: தேதியும் அப்டேட்டும்

எல்லாமே சதி இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைய இணைப்பே சரியாக நடக்காது. அப்டேட் வராது. புதிய பேட்டரிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

தேதி சரியாக இருந்தால், 'புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்' பகுதியில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' கொடுத்துப் பாருங்கள். சிக்னல் சரியில்லாத இடமா? மைக்ரோசாஃப்டின் இணையதளத்திலேயே டிஃபெண்டர் அப்டேட்டைத் தனி ஃபைலாக டவுன்லோட் செய்யலாம். நல்ல இணைப்பு உள்ள, நம்பகமான இடத்தில் எடுத்து பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம்.

சரி செய்வது எப்படி? வரிசையாகச் செய்யுங்கள்

1. முதலில் ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' அல்ல, 'ரீஸ்டார்ட்'. பிறகு தேதி, நேரத்தைச் சரிபாருங்கள்.

2. காலாவதியான ஆன்டிவைரஸ், கிராக் சாஃப்ட்வேர் இரண்டையும் நீக்குங்கள்.

3. விண்டோஸ் அப்டேட்டில் காத்திருக்கும் அப்டேட்டுகளை முடியுங்கள்.

4. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஆப் செட்டிங்ஸ்' போங்கள். முதலில் 'ரிப்பேர்', சரியாகவில்லை என்றால் 'ரீசெட்'. இதனால் உங்கள் போட்டோ, ஃபைல் எதுவும் அழியாது.

5. ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் மால்வேர் இதில் சிக்க வாய்ப்பு அதிகம். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுச் செய்யுங்கள்.

6. எதற்கும் அசையவில்லையா? விண்டோஸ் 11-ன் ரெக்கவரி பகுதியில், ஃபைல்களையும் ஆப்களையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யும் வசதி இருக்கிறது. மால்வேர் சிக்கியிருந்தால் இது போதாது. தேவையான போட்டோ, ஆவணங்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு, முழுதாக அழித்துப் புதிதாகப் போடுவதே நல்லது.

செய்யக் கூடாதது என்ன?

'டேம்பர் புரொடெக்‌ஷனை ஆஃப் செய்துவிட்டு இந்த ஃபைலை ரன் பண்ணுங்க' என்று சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். வெளியிலிருந்து வரும் எந்த புரோகிராமும் டிஃபெண்டரின் செட்டிங்கை மாற்றிவிடாமல் பூட்டி வைப்பதுதான் டேம்பர் புரொடெக்‌ஷன். யாரென்றே தெரியாதவர் சொல்லி அந்தப் பூட்டைத் திறப்பது, இருக்கும் சிக்கலைப் பெரிதாக்கும்.

'மெமரி இன்டெக்ரிட்டி' மட்டும் ஆன் ஆகலையா?

அது வேறு கதை. பழைய கருவி ஒன்றின் டிரைவர் ஒத்துப்போகாததால் இப்படி நடக்கும். எந்த டிரைவர் தடுக்கிறது என்ற பட்டியலை விண்டோஸே காட்டும். அந்த டிரைவரை அப்டேட் செய்தாலோ, பயன்படுத்தாத கருவி என்றால் நீக்கினாலோ சரியாகிவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால், விண்டோஸில் இருக்கும் ஓட்டைகளை டிஃபெண்டரால் அடைக்க முடியாது. காவலாளி இருக்கிறார் என்பதற்காக இடிந்த சுவரை அப்படியே விடலாமா?

மொபைலில்?

ஆண்ட்ராய்டு போனில் இதே வேலையைச் செய்வது கூகுள் ப்ளே ப்ரொடெக்ட். ப்ளே ஸ்டோரில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தட்டினால் தெரியும். டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்புபவர்கள், இதை ஆஃப் செய்யச் சொல்வார்கள். ஆன் செய்தும் தானாக ஆஃப் ஆனால், செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்', 'அக்சஸிபிலிட்டி' இரண்டையும் பாருங்கள். தெரியாத ஆப்புக்கு அனுமதி இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு, ஆப்பை நீக்குங்கள்.

சரியாகும் வரை என்ன செய்வது?

அந்தக் கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங், பாஸ்வேர்டு எதையும் பயன்படுத்த வேண்டாம். மால்வேர் இருந்தது உறுதியானால், வேறு ஒரு போனிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இணையதளத்தில், மால்வேரை நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் பறிபோயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.