நாரி நோவும் இயன்மருத்துவமும்

மனிதரை வருத்தும் நோய்களுள் உயிரைக் கொள்ளாது தொழிலைக் கெடுப்பன சில உள. அவற்றுள் முதலிடம் பெறுவது நாரி நோவாகும். 2020 ஆம் ஆண்டில் உலகெங்கணும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இந்நோவினால் வருந்தினர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. குனிந்து மண் கொத்தும் உழவனையும், நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞனையும், கரும்பலகையின் முன் நின்று கற்பிக்கும் ஆசிரியனையும் இது வேறுபாடின்றிப் பற்றுகின்றது. இந்நோவு கண்டவர் அசையாது படுத்திருத்தலே தக்கதென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கை பிழைபட்டவாற்றையும், மருந்தும் கத்தியுமின்றி உடலியக்கத்தினாலேயே நோவைத் தணிக்கும் இயன்மருத்துவம் இன்று காட்டும் வழியையும் ஈண்டு நோக்குவாம்.

நோவின் பிறப்பிடம்

நாரிப் பகுதியிலே ஐந்து முள்ளந்தண்டென்புகள் ஒன்றன்மேலொன்றாக அமைந்துள்ளன. அவற்றினிடையே மெத்தை போன்ற வட்டத்தட்டுகள் உள. ஒவ்வொரு தட்டும் புறத்தே வலிய நார் வளையத்தையும் அகத்தே களி போன்ற மென்பொருளையும் உடையது. நார் வளையம் கிழியுமாயின் உள்ளிருக்கும் மென்பொருள் பின்னோக்கிப் பிதுங்கி, அருகே செல்லும் நரம்பு வேரை அழுத்தி அழற்சியுறச் செய்தல் கூடும். நாரியின் கீழ்ப்பகுதியிலிருந்தும் அதன் கீழுள்ள திருவென்பிலிருந்தும் வெளிவரும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்தே தொடையின் பின்புறமாக இறங்கும் பெருநரம்பாகின்றன. உடலிலுள்ள நரம்புகளுள் மிகத் தடித்தது இதுவே. ஆதலின், கேடு நாரியில் இருப்பினும் நோவு பிட்டத்திலும் தொடையிலும் கெண்டையிலும் பாதத்திலும் தோன்றுகின்றது. கிணற்றடியில் வாய்க்கால் அடைபட்டால் தோட்டத்தின் கோடியிலுள்ள பயிர் வாடுவது போன்றது இது. வாடிய பயிரைத் தடவுவதாற் பயனில்லை, அடைப்பையே நாடவேண்டும்.

இவ்வுண்மை எளிதிற் புலப்பட்டதன்று. சரக சங்கிதை இந்நோயைக் கிருத்திரசி எனப் பெயரிட்டு வாத நோய்களுள் வைத்துக் கூறும். 1764 இல் இத்தாலிய மருத்துவராகிய டொமினிக்கோ கொற்றூஞோ என்பார், இடுப்பு மூட்டில் எழும் நோவு வேறு, நரம்பின் வழியே ஓடும் நோவு வேறு எனப் பிரித்துக் காட்டினார். 1934 இல் பொஸ்டன் நகரத்து மருத்துவர்களாகிய மிக்ஸ்ரர், பார் என்னும் இருவரும் தட்டுப் பிதுங்குதலே கால் நோவுக்குக் காரணமாகும் என்பதை நிறுவினர். அதன்பின் சத்திரசிகிச்சை பெருகியது.

எனினும், தட்டில் மாற்றம் காணப்பட்ட மாத்திரத்தே அதுவே நோவுக்குக் காரணமென்று துணிதல் கூடாது. யாதொரு நோவுமில்லாதவரின் முள்ளந்தண்டுப் படங்களைப் பற்றிய ஆய்வுகள் 2015 இல் ஒருங்கே திரட்டி ஆராயப்பட்டன. இருபது வயதினருள் நூற்றுக்கு 37 பேரிடத்தும், எண்பது வயதினருள் நூற்றுக்கு 96 பேரிடத்தும் தட்டுத் தேய்வு காணப்பட்டது. நரையும் திரையும் போலத் தட்டின் தேய்வும் பெரும்பாலும் வயதின் அடையாளமேயாம். படத்தைக் கண்டு தம் முதுகு சிதைந்துவிட்டதென்று அஞ்சுவோர் இதனை உள்ளத்திருத்தல் வேண்டும்.

படுக்கையின் பயனின்மை

1995 இல் ஹெல்சிங்கி மாநகரத்து ஊழியர்களிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. திடீர் நாரி நோவுற்றவருள் ஒரு சாரார் இரண்டு நாட் படுக்கையில் இருத்தப்பட்டனர். ஒரு சாரார் முதுகுப் பயிற்சி செய்தனர். எஞ்சியோர் நோவு இடங்கொடுத்த அளவில் தம் அன்றாட அலுவல்களைத் தொடர்ந்து செய்தனர். விரைந்து நலம் பெற்றோர் இறுதிச் சாராரே. கால் நோவுற்றவர் நிலையும் இதனின் வேறன்று. 1999 இல் ஒல்லாந்தில் 183 நோயாளர் ஆராயப்பட்டனர். இரண்டு வாரம் படுத்திருந்தவருள்ளும் படுக்காதிருந்தவருள்ளும், பன்னிரண்டு வாரத்தின் பின்னர், நூற்றுக்கு 87 பேர் முன்னேற்றம் கண்டதாகக் கூறினர். படுக்கையினால் யாதொரு மிகைப்பயனும் விளையவில்லை. நெடுநாட் படுக்கையோ தசைகளை மெலிவித்து, மூட்டுகளை இறுகச் செய்து, அசைந்தாற் கேடு வரும் என்னும் அச்சத்தையும் வளர்க்கின்றது.

வெலிங்டனில் நிகழ்ந்தது

1956 இல் நியூசிலாந்தின் தலைநகராகிய வெலிங்டனில், றொபின் மக்கென்சி என்னும் இளம் இயன்மருத்துவரிடம் நாரியிலும் வலது காலிலும் நோவுற்ற ஒருவர் மூன்று வாரமாகச் சிகிச்சை பெற்றும் குணம் கண்டிலர். ஒரு நாள், சென்று கட்டிலிற் குப்புறப் படுக்குமாறு மக்கென்சி அவரைப் பணித்தார். முன்னர் வந்த ஒருவருக்காகக் கட்டிலின் ஒரு பகுதி உயர்த்தப்பட்டு அவ்வாறே விடப்பட்டிருந்தது. அதனை அறியாத நோயாளர் முதுகு பின்னோக்கி வளைந்த நிலையிலே சில நிமிடங்கள் கிடந்தார். மக்கென்சி வந்து கண்டு திடுக்கிட்டு வினவ, மூன்று வாரத்தில் இத்துணை நலம் தாம் கண்டதில்லை என்றார் அவர். காலில் இருந்த நோவு நீங்கி, நாரியின் நோவும் நடுப்பகுதிக்கு ஒதுங்கியிருந்தது.

இத்தற்செயலை மக்கென்சி புறக்கணித்தாரல்லர். நோயாளர் பலரை ஆராய்ந்து ஒரு நெறியை வகுத்து, 1981 இல் நூலாக வெளியிட்டார். அந்நெறியின் சாரம் வருமாறு: ஓர் அசைவினால் நோவு பாதத்திலிருந்து முழங்காலுக்கும், தொடைக்கும், ஈற்றில் நாரியின் நடுவுக்கும் பின்வாங்குமாயின் அவ்வசைவு நன்மை பயப்பது, நோவு நாரியினின்று நீங்கிக் காலில் மேலும் கீழிறங்குமாயின் அது தீமை பயப்பது. பின்வாங்குங்கால் நாரியில் நோவு சிறிது மிகினும் அஞ்சவேண்டுவதில்லை. நோவின் கடுமையிலும் அதன் இருப்பிடமே சிறந்த வழிகாட்டி என்பது இதனாற் பெறப்படும்.

பயிற்சியும் கருவியும்

பின்வளைவுப் பயிற்சி படிப்படியாகச் செய்யப்படுவது. முதற்கண் குப்புறக் கிடத்தல். அடுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தல். அதன்பின் உள்ளங்கைகளை ஊன்றிக் கைகளை நீட்டி, இடுப்பு நிலத்தில் தங்கியிருக்க மேலுடலை உயர்த்தித் தாழ்த்தல். ஆயினும் இது யாவர்க்கும் ஏற்றதன்று. முதியோர் சிலருக்கு நரம்புகள் செல்லும் வழி குறுகி, நடக்குந்தோறும் கால்கள் நொந்து மரத்துப் போகும். அமர்ந்து முன்குனிந்தால் அவர் ஆறுதல் பெறுவர். அவர்க்குப் பின்வளைவு துன்பத்தை மிகுவிக்கும். முன்வளைவுப் பயிற்சியே உதவும். ஆகவே, தேர்ந்த இயன்மருத்துவர் முதலிற் சோதித்த பின்னரே பயிற்சியை விதிப்பர்.

இடுப்பைக் கட்டி இழுத்தலும், கேளாவொலி அலைகளைச் செலுத்தலும் ஒரு காலத்திற் பெருவழக்காயிருந்தன. நாட்பட்ட நாரி நோவு பற்றி 2023 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகள் இவ்விரண்டையும் இடுப்புப்பட்டியையும் பரிந்துரைக்கவில்லை. அவற்றை வேண்டாவென்றே விலக்கின. பயிற்சியும், நோயாளர்க்கு நோயின் இயல்பை அறிவுறுத்தலும் அவற்றிற் பரிந்துரைக்கப்பட்டன. வெந்நீர் ஒத்தடம் சிறிது நேரம் ஆறுதல் தரும்; ஆயின் அதுவே சிகிச்சையாகிவிடாது.

நோவு நீங்கியபின் மீண்டும் வாராது காத்தற்கு நடையே எளிய வழி. 2024 இல் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில் 701 பேர் பங்குகொண்டனர். முறையாக நடக்கப் பயிற்றப்பட்டோருக்கு நோவு மீளும் இடைக்காலம் 208 நாளாகவும், ஏனையோருக்கு 112 நாளாகவும் இருந்தது.

மருத்துவரை நாடவேண்டிய வேளை

இயக்கம் நன்றென்று கூறியதனால் அபாயக் குறிகளைப் புறக்கணித்தல் ஆகாது. சிறுநீர் கழிக்க இயலாமை, மலசலம் தன்வயமின்றிக் கழிதல், இருக்கையிற் படும் பகுதி மரத்துப் போதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியன நேர்ந்தால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலையை அடைதல் வேண்டும். அந்நிலையில் உடனே செய்யும் சத்திரசிகிச்சையே நிலையான ஊனத்தைத் தடுக்கவல்லது. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்து அடிபட்டபின் எழும் கடுநோவு ஆகியனவும் மருத்துவரின் ஆராய்ச்சிக்கு உரியன. இவை இல்லாதவிடத்துக் கால் நோவு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணியும். 2007 இல் வெளியான ஒல்லாந்து ஆய்வொன்றில், முன்கூட்டியே சத்திரசிகிச்சை பெற்றோர் நோவினின்று விரைவில் விடுபட்டனர். ஆயின் ஓராண்டின் முடிவில் அவரும் பொறுத்திருந்தோரும் ஏறத்தாழ ஒத்த நலமே எய்தினர்.

மருத்துவத்தின் கூறுகள் நான்கென வகுத்த வள்ளுவர், மருத்துவனையும் மருந்தையும் பணியாளனையும் பின்வைத்து நோயுற்றவனையே முன்வைத்தார். நாரி நோவைப் பொறுத்தவரை அவ்வரிசை மிகப் பொருத்தமுடையது. இயன்மருத்துவர் வழியைக் காட்டுவர்; அவ்வழியில் நாடோறும் நடக்கவேண்டியவன் நோயாளனே. அஞ்சிப் படுத்திருப்பவனிலும் அறிந்து அசைபவனே விரைந்து நலம் பெறுவான்.