குசினிக்கு மண் சுவரா? முதலில் மண்ணைப் பாருங்கள்

லயத்துக் காம்பராவோடு சேர்த்து ஒரு சின்னக் குசினி கட்ட வேண்டும் என்பது பல குடும்பங்களின் ஆசை. கல்லும் சீமெந்தும் வாங்கக் கையில் காசில்லை. "மண்ணுதானே, பின்னால கரையில வெட்டி எடுத்தா போச்சு" என்கிறார்கள் சிலர். மண் சுவர் நல்லதுதான். ஆனால் கரையை வெட்டுவது உயிருக்கு ஆபத்து.

கரையின் அடிப்பகுதிதான் மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்கிறது. அதை வெட்டிவிட்டால் பிடிமானம் போய்விடும். அடைமழையில் தண்ணீர் ஊறி மண் பாரமாகும்போது சரிந்து வரும். மலை சரிந்தால் என்ன நடக்கும் என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் கண்டோம். ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, மட்டமான இடத்தில் மண் எடுங்கள். எடுத்த குழியை மூடிவிடுங்கள்.

மண்ணைச் சோதிப்பது எப்படி?

வேரும் சருகும் கலந்த கறுப்பு மேல்மண் உதவாது. அதற்குக் கீழே உள்ள மண்ணை எடுத்து, ஈரமாகப் பிசைந்து, சுருட்டு மாதிரி உருட்டுங்கள். மேசை விளிம்பில் வைத்து மெல்ல வெளியே தள்ளுங்கள். 2 அங்குலத்துக்குள் உடைந்தால் மணல் அதிகம். 6 அங்குலம் தாண்டியும் உடையாவிட்டால் களி அதிகம். காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். இடையில் உடைந்தால் நல்ல மண்.

கட்டும் முறை

1. கருங்கல்லால் ஓர் அடி உயரத்துக்கு அடித்தளம் போடுங்கள். மழைத் தண்ணீர் தெறித்துத்தான் மண் சுவரின் அடி கரைகிறது.

2. கம்பு நட்டு, இரண்டு பக்கமும் வரிச்சு கட்டுங்கள். சிங்கள அயலவர்களும் இதை 'வரிச்சி' என்றுதான் சொல்வார்கள்.

3. மண்ணோடு நறுக்கிய மானாப்புல் சேர்த்து, மிதித்துக் குழைத்து, இரண்டு நாள் ஊற விடுங்கள். புல் நார் வெடிப்பைக் குறைக்கும்.

4. வரிச்சுக்குள் மண்ணை அழுத்தி அடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, சலித்த மண்ணும் சாணமும் கலந்து மேற்பூச்சு பூசுங்கள்.

5. மேலே சுண்ணாம்பு அடிக்கலாம். சீமெந்து பூச வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பிளந்து விழும்.

6. கூரைத் தகரம் சுவருக்கு வெளியே 2 அடி நீண்டிருக்கட்டும். சுற்றிக் கான் வெட்டி, தண்ணீர் தேங்காமல் பாருங்கள்.

7. அடுப்பை வரிச்சுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

மழை விட்ட காலத்தில் வேலையைத் தொடங்குங்கள். சுவர் வெடித்தால் ஒரு கைப்பிடி மண்ணில் பூசிவிடலாம். ஆனால் லயத்துக்கு மேலே நிலம் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கல் தண்ணீர் வந்தாலோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பிறகு தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள்.